எந்த வரியில் நேரம் போகிறது? சோர்ஸ் கோடையும் அசெம்பிளியையும் பெர்ஃப் அளவீட்டோடு சேர்த்து வாசிக்க முழுமையான வழிகாட்டி

"சேர், ஃபைல் வாசிக்கிறதுதான் லேட்டாகுது."

கிளிநொச்சியில் சனிக்கிழமைகளில் சில பிள்ளைகளோடு சி மொழியும் லினக்ஸும் பழகுகிறோம். அதில் ஒரு பிள்ளை இரண்டு இரவு கண்விழித்து ஃபைல் வாசிக்கும் பகுதியைத் திரும்ப எழுதியிருந்தாள். புரோகிராம் முந்தி எடுத்த நேரத்தையேதான் எடுத்தது.

"அளந்து பாத்தனீரோ பிள்ளை?"

"இல்லை சேர். ஆனா வேற எது இருக்கப்போகுது?"

அவளுடைய புரோகிராம் இரணைமடுக் குளத்தின் நீரேந்துப் பகுதியில் பெய்யும் மழையைக் கூட்டிப் பார்ப்பது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கமிருந்து வடக்கே ஓடி வந்து குளத்தை நிரப்புகிறது. அந்தப் பரப்பை 4096க்கு 4096 கட்டங்களாகப் பிரித்து, மணிக்கு மணி ஒவ்வொரு கட்டத்துக்கும் மழையை மதிப்பிட்டு மொத்தம் எடுப்பாள். 2018 டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட பிள்ளைக்கு அந்தக் கணக்கு சும்மா பயிற்சி இல்லை. ஆனால் கையில் இருந்தது பழைய லப்டொப். ஒரு நாள் மழையைக் கணக்கிட்டு முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

அன்று நாங்கள் செய்ததை, செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். கட்டளைகளை வகுப்பில் வாயால் சொல்வதுபோல எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழமைபோல ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

முதலில், இது என்ன வித்தை

பெர்ஃப் என்பது லினக்ஸ் கேர்னலோடு வருகிற அளவீட்டுக் கருவி. 2009இல் வந்த 2.6.31 கேர்னலில் இருந்து இருக்கிறது. உங்கள் புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது அது செக்கனுக்கு ஏறத்தாழ 4000 தடவை எட்டிப் பார்த்து, "இப்போது எந்த முகவரியில் உள்ள கட்டளை ஓடுகிறது?" என்று குறித்துக்கொள்ளும். இங்கே கட்டளை என்றால் புரோசஸர் செய்யும் ஒரு சிறு படி. ஒவ்வொரு குறிப்பும் ஒரு சாம்பிள். எந்த முகவரியில் சாம்பிள் அதிகம் குவிகிறதோ அங்கே நேரம் அதிகம் போகிறது.

முகவரியை மட்டும் வைத்து மனிதர் ஒன்றும் விளங்கிக்கொள்ள முடியாது. அதற்குத்தான் அனோட்டேட். அது மூன்று சங்கதிகளை ஒரே திரையில் சேர்க்கிறது: சாம்பிள் கணக்கு, ஒப்ஜ்டம்ப் என்ற கருவி பிரித்துக் கொடுக்கும் அசெம்பிளி (புரோசஸர் கட்டளைகளின் எழுத்து வடிவம்), எந்தக் கட்டளை எந்த வரியிலிருந்து வந்தது என்று சொல்லும் டிபக் தகவல். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் படம் அரைகுறைதான்.

இவ்வளவு நுணுக்கமாகப் பார்ப்பதில் பலன் உண்டா? டொனால்ட் குனூத் ஃபோர்ட்ரான் புரோகிராம்களை ஆராய்ந்து 1971இல் எழுதிய கட்டுரையில், ஒரு புரோகிராமின் 4 சதவீதத்துக்கும் குறைந்த பகுதியே பொதுவாக அதன் ஓட்ட நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்கிறது என்று கண்டார். அந்த 4 சதவீதம் எது என்று தெரியாமல் மிச்ச 96ஐ மினுக்கிக்கொண்டு இருந்தால் இரவுகள்தான் போகும்.

கணினியை ஆயத்தப்படுத்தல்

டெபியனில் ‘லினக்ஸ்-பெர்ஃப்’ என்ற பொதியை நிறுவுங்கள். உபுண்டுவில் ‘லினக்ஸ்-டூல்ஸ்-ஜெனரிக்’. ஒப்ஜ்டம்ப் வேண்டும் என்பதால் ‘பின்யூட்டில்ஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். கொம்பைலர் போட்டிருந்தால் அதுவும் ஏற்கெனவே இருக்கும்.

முதன்முதல் ஓடவிட்டவுடன் "அனுமதி இல்லை" என்று வரக்கூடும். அதைத் தீர்மானிப்பது கேர்னலில் உள்ள ‘பெர்ஃப்_ஈவென்ட்_பரனொயிட்’ என்ற அமைப்பு. அதன் எண் கூடக் கூடக் கட்டுப்பாடு கூடும். 2 என்றால் உங்கள் சொந்தப் புரோகிராமை அளக்கலாம். டெபியனும் உபுண்டுவும் அதைவிட இறுக்கமாக வைத்திருக்கின்றன. ‘சிஸ்சிடிஎல்’ கட்டளையால் 1க்கு இறக்கிவிட்டு, வேலை முடிந்ததும் பழைய எண்ணையே போட்டுவிடுங்கள். பலர் பாவிக்கும் கணினி என்றால் பொறுப்பானவரிடம் கேட்காமல் தொடவேண்டாம்.

லப்டொப் சார்ஜரில் இருக்கட்டும். மின்சாரம் போய் பற்றரிக்கு மாறினால் புரோசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் ஓகஸ்ட் மதியத்தில், மின்விசிறி இல்லாத அறையில் வைத்து அளந்தாலும் சூடேறி அதேதான் நடக்கும். காலையில் எடுத்த அளவை மத்தியானத்து அளவோடு ஒப்பிட்டு "வேகமாகிவிட்டது", "மெதுவாகிவிட்டது" என்று முடிவெடுக்காதீர்கள். இரண்டையும் அடுத்தடுத்து ஓடவிட்டுப் பாருங்கள்.

கொம்பைல் செய்யும்போது

ஜிசிசி கொம்பைலரில் ‘மைனஸ் ஓ2’ (வேகப்படுத்து), ‘மைனஸ் ஜி’ (டிபக் தகவல் சேர்) இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். ‘மைனஸ் ஜி’ போட்டால் புரோகிராம் மெதுவாகும் என்று பிள்ளைகள் பலர் நம்புகிறார்கள். ஜிசிசியில் அது ஃபைலின் அளவைத்தான் பெருக்கும். ஓடும் கட்டளைகள் அப்படியேதான் இருக்கும். மறுபுறம், வாசிக்க இலகு என்று ‘ஓ0’ (வேகப்படுத்தாதே) போட்டு அளப்பது பெரிய பிழை. நீங்கள் அளப்பது வேறொரு புரோகிராமை. நாளைக்கு ஓடப்போகிற வடிவத்தைத்தான் அளக்க வேண்டும்.

யார் யாரை அழைத்தார் என்ற சங்கிலியும் வேண்டும் என்றால் ‘நோ-ஒமிட்-ஃப்ரேம்-பொயின்டர்’ என்ற ஃபிளாக்கையும் சேருங்கள். ‘ஸ்ட்ரிப்’ செய்யவேண்டாம், அது ஃபங்ஷன் பெயர்களையும் டிபக் தகவலையும் நீக்கிவிடும்.

ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: பதிவு எடுத்த பிறகு சோர்ஸ் ஃபைலைத் திருத்திவிட்டுப் பழைய பதிவைத் திறக்கக்கூடாது. ஓடிய பைனரி (கொம்பைல் ஆகி வந்த ஃபைல்) மாறிவிட்டதா என்று பெர்ஃபால் அடையாள எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியும். சோர்ஸ் மாறியதை அது அறியாது. மேலே இரண்டு வரி கூட்டியிருந்தால் எல்லா அளவும் இரண்டு வரி தள்ளி நிற்கும், எச்சரிக்கை ஒன்றும் வராது. நான் ஒருமுறை ஒரு வெறும் அடைப்புக்குறி வரியில் 40 சதவீதம் நிற்பதைப் பார்த்து அரை நாள் யோசித்திருக்கிறேன்.

பதிவு எடுத்தல்

உடனே அனோட்டேட்டுக்குப் பாயாமல் ‘பெர்ஃப் ஸ்டாட்’ போட்டுப் புரோகிராமை ஒருமுறை ஓடவிடுங்கள். அதில் "ஒரு சைக்கிளுக்கு எத்தனை கட்டளை" என்ற எண் வரும். சைக்கிள் என்பது புரோசஸர் கடிகாரத்தின் ஒரு துடிப்பு. 2, 3 என்று இருந்தால் புரோசஸர் உழைக்கிறது, வேலைதான் அதிகம். 0.2, 0.3 என்று இருந்தால் புரோசஸர் எதற்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறது. அந்தப் பிள்ளையின் புரோகிராமில் 1ஐ விட மிகக் குறைவாக வந்தது. அப்போதே பாதிக் கதை தெரிந்துவிட்டது.

பிறகு ‘பெர்ஃப் ரெக்கோர்ட்’, அதன் பின்னால் புரோகிராமின் பெயர். முடிந்ததும் அதே கோப்புறையில் ‘பெர்ஃப் டொட் டேட்டா’ என்ற ஃபைல் இருக்கும். புரோகிராம் போதிய நேரம் ஓட வேண்டும். 10 செக்கன் முழுதாக உழைத்தால் ஏறத்தாழ 40,000 சாம்பிள் கிடைக்கும், நம்பலாம். 0.05 செக்கனில் முடிகிற புரோகிராமுக்கு 200தான். அதில் ஒரு வரிக்கு 2 சாம்பிள் விழுந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சிறிய வேலை என்றால் அதையே பலமுறை சுற்றவிட்டு அளக்கவும்.

அப்புறம் ‘பெர்ஃப் ரிப்போர்ட்’. ஃபங்ஷன்கள் நேர ஒழுங்கில் வரிசையாக நிற்கும். மேலே நிற்பதில் வைத்து ‘ஏ’ விசையை அழுத்தினால் அனோட்டேட் திரை திறக்கும். நேரே ‘பெர்ஃப் அனோட்டேட்’ என்று ஃபங்ஷன் பெயரோடு கொடுத்தும் போகலாம்.

தேடுகிற ஃபங்ஷன் பட்டியலில் இல்லையே என்று பலர் திகைப்பார்கள். ‘ஓ2’ சிறிய ஃபங்ஷன்களை, ஒரே இடத்திலிருந்து அழைக்கப்படுகிறவற்றை, அழைத்த இடத்திலேயே கரைத்துவிடும். அவளுடைய கூட்டல் ஃபங்ஷனும் ‘மெயின்’ உள்ளே கரைந்திருந்தது. அனோட்டேட்டில் ‘மெயின்’ஐத் திறந்தால் அதன் வரிகள் அங்கே இருக்கும். தனியாகப் பார்க்கவேண்டும் என்றால் ‘நோஇன்லைன்’ என்று தற்காலிகமாகக் குறித்துக்கொள்ளுங்கள், பின்பு எடுத்துவிடுங்கள்.

திரையை வாசித்தல்

இடது ஓரத்தில் சதவீதம், வலதில் அசெம்பிளி, நடுநடுவே சோர்ஸ் வரிகள். ‘எஸ்’ அழுத்தினால் சோர்ஸ் வரிகள் மறையும், மறுபடி அழுத்தினால் வரும். பெரிய ‘எச்’ உங்களை மிகச் சூடான கட்டளைக்குக் கொண்டுபோகும். ‘டேப்’ அடுத்தடுத்த சூடான இடங்களுக்கு. ‘ஜே’ தாவல் அம்புகளைக் காட்டும். லூப் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காண இது மிக உதவி. ‘டி’ (‘டோட்டல்’ என்பதன் முதலெழுத்து) இரண்டு தடவை அழுத்தினால் சதவீதத்துக்குப் பதில் சாம்பிள் எண்ணிக்கை தெரியும். சதவீதத்தைப் பார்த்து ஆச்சரியப்படுகிற ஒவ்வொரு முறையும் அதை அழுத்துங்கள். 60 சதவீதம் என்பது 5 சாம்பிளில் 3 ஆகவும் இருக்கலாம்.

பெரிய ‘பி’ (‘பிரின்ட்’ என்பதன் முதலெழுத்து) அழுத்தினால் முழுவதும் ஓர் எழுத்துக் கோப்பாக எழுதப்படும். வேறொருவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிக் கேட்க அதுதான் வசதி. பதிவு ஃபைலை மட்டும் அனுப்பினால் அவரிடம் உங்கள் பைனரி இல்லாதபடியால் அசெம்பிளி தெரியாது.

சரி, அவளுடைய லூப்பைத் திறந்தோம். நான்கே கட்டளை. எங்கள் லப்டொப்பில் ஏறத்தாழ இப்படி இருந்தது (இடது எண் சதவீதம்; ஆர்ஏஎக்ஸ், எக்ஸ்எம்எம்0 இரண்டும் ரெஜிஸ்டர்கள், அதாவது புரோசஸருக்குள் எண்களை வைக்கும் சிறு இடங்கள்):

2 │ ஆட்எஸ்டி: ஆர்ஏஎக்ஸ் சுட்டும் இடத்து எண்ணை எக்ஸ்எம்எம்0இல் கூட்டு
93 │ ஆட்: ஆர்ஏஎக்ஸுடன் 8000 (பதினாறடி எண்ணில்) கூட்டு
1 │ சிஎம்பி: கடைசி வந்ததா என்று ஒப்பிடு
4 │ ஜேஎன்இ: வராவிட்டால் மேலே போ

"சேர், வெறும் கூட்டலுக்கு 93 வீதமா?"

நல்ல கேள்வி. ஒரு ரெஜிஸ்டரோடு ஒரு எண்ணைக் கூட்ட ஒரு சைக்கிள் போதும். அதற்கு 93 போக வழியே இல்லை. அப்படியானால் திரை பிழை சொல்கிறதா?

வயல் செய்கிற வீட்டுப் பிள்ளை அவள். கடை வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் கடை வயலில் நின்று தோண்டுகிறவர் இல்லை. வாய்க்கால் வழியே மேலே நடந்து போய், அடைப்பு எங்கே, துருசு (மதகு) திறந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இங்கேயும் அப்படித்தான். பெர்ஃப் எட்டிப் பார்க்கும் கணத்துக்கும் புரோசஸர் நின்று முகவரியைச் சொல்லும் கணத்துக்கும் இடையே சற்று வழுக்கல் இருக்கிறது. காத்துக்கொண்டிருந்த கட்டளை முடிந்தவுடன் அதற்கு அடுத்ததன் மேல் பழி விழுகிறது. ஆகவே சூடான வரியைக் கண்டால் கண்ணை ஒன்றிரண்டு கட்டளை மேலே கொண்டுபோங்கள். அங்கே நினைவகத்திலிருந்து எதையாவது எடுத்துவரும் கட்டளையோ, வகுத்தலோ இருக்கிறதா? இங்கே இருக்கிறது: ஆட்எஸ்டி. அதுதான் நினைவகத்தைத் தொடுகிறது.

இன்டெல் புரோசஸர்களில் இந்த வழுக்கலைக் குறைக்க ‘பெப்ஸ்’ என்ற வசதி உண்டு, ஏஎம்டியில் ‘ஐபிஎஸ்’. புதிய பெர்ஃப் முடிந்தால் தானாகவே அதைப் பயன்படுத்தும். நாங்கள் வெறும் ‘சைக்கிள்ஸ்’ என்று கேட்டுப் பதிவு செய்திருந்தோம். ‘சைக்கிள்ஸ்’, முக்காற்புள்ளி, ‘பிபி’ என்று கேட்டுத் திரும்ப எடுத்தபோது பெரும்பகுதி மேலே ஏறி ஆட்எஸ்டியில் நின்றது.

32768

இந்த நான்கு வரியில் எனக்கு மிகப் பிடித்தது அந்த 8000. சோர்ஸில் அப்படி ஓர் எண்ணே இல்லை. பதினாறடி 8000 என்றால் 32768. 4096ஐ 8ஆல் பெருக்கிப் பாருங்கள். ஒரு டபிள் (சி மொழியின் தசம எண் வகை) 8 பைட். ஒரு வரிசையில் 4096 டபிள். ஒவ்வொரு சுற்றிலும் புரோகிராம் ஒரு முழு வரிசையைத் தாண்டி அடுத்த வரிசைக்குக் குதிக்கிறது! சோர்ஸைப் பார்த்தால் வெளி லூப் நிரலுக்கு (மேலிருந்து கீழ்), உள் லூப் வரிசைக்கு (இடமிருந்து வலம்). சி மொழி அட்டவணையை வரிசை வரிசையாகத்தான் நினைவகத்தில் அடுக்கும். அவள் அதற்குக் குறுக்கே நடந்துகொண்டிருந்தாள்.

இதனால் என்ன நட்டம்? நினைவகத்திலிருந்து கேஷுக்கு (புரோசஸருக்குள் உள்ள சிறிய, வேகமான நினைவகம்) வருவது 64 பைட் கட்டாக. ஒரு கட்டில் 8 டபிள். அவள் ஒன்றை எடுத்துவிட்டு மிச்சம் ஏழையும் விட்டுவிட்டுப் போகிறாள். அடுத்த நிரலுக்குத் திரும்பி வரும்போது அந்தக் கட்டு கேஷில் இருந்தால் பரவாயில்லை. ஆனால் இராது. அதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. பல இன்டெல் புரோசஸர்களில் முதல்மட்டக் கேஷ் 32 கிலோபைட். 64 தொகுதிகள், தொகுதிக்கு 8 இடம். முகவரிகள் 4096இன் மடங்காகத் தள்ளித் தள்ளி வந்தால் எல்லாம் ஒரே தொகுதியில்தான் போய் விழும். 4096 வரிசையும் 8 இடத்துக்கு அடிபடுகின்றன. மற்ற 63 தொகுதியும் இந்த நடைக்கு உதவாது. அட்டவணை அகலத்தை 2இன் அடுக்காக வைப்பது அழகு என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் தீர, சைக்கிள்ஸையும் கேஷ்-மிஸ்ஸையும் (தேடியது கேஷில் இல்லாத தடவைகள்) ஒரே குழுவாக, சுருள் அடைப்புக்குறிக்குள் கொடுத்துப் பதிவு செய்தோம். அனோட்டேட்டில் இரண்டு சதவீத நிரல்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. இரண்டும் அதே லூப்பில் குவிந்திருந்தன.

திருத்திய பிறகு

இரண்டு ஃபோர் வரிகளை இடம் மாற்றினாள். அவ்வளவுதான். திரும்பக் கொம்பைல் செய்து, திரும்பப் பதிவு எடுத்து, திரும்பத் திறந்தோம். 8000 இருந்த இடத்தில் இப்போது 8. புரோகிராம் பல மடங்கு வேகமாக முடிந்தது. தசமக் கூட்டலின் ஒழுங்கு மாறியதால் மொத்தத்தின் கடைசி இலக்கங்கள் மட்டும் சிறிது வேறுபட்டன. அது எதிர்பார்க்கவேண்டியதுதான், ஆனாலும் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் விடையைப் பழைய விடையோடு ஒப்பிடாமல் விடாதீர்கள்.

ஆனால் அனோட்டேட் திரையில் அந்த லூப்புக்குள் ஆட்எஸ்டியும் அதன் அயலும் இன்னும் சூடாகவே இருந்தன. அவளுடைய முகம் வாடிவிட்டது. அந்தத் திரையில் காட்டப்படும் சதவீதம் அந்த ஃபங்ஷனுக்குள் உள்ள பங்கு. எவ்வளவு வேகமாக்கினாலும் கூட்டினால் 100தான் வரும், யாரோ ஒருவர் மேலே நிற்பார். முன்னேற்றத்தை மொத்த நேரத்தில் பாருங்கள். அனோட்டேட்டை அடுத்த இடத்தைத் தேட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஆட்எஸ்டி சூடாக இருப்பதற்குக் காரணமும் வேறு: ஒவ்வொரு கூட்டலும் முந்தைய கூட்டலின் விடைக்காகக் காத்திருக்கிறது.

இன்னொரு சூடான இடம் வகுத்தல். மழைமானி எண்ணை அட்டவணையில் தேட மீதி எடுக்கும் குறியைப் போட்டிருந்தாள், 64 பிட் எண்ணில். அசெம்பிளியில் ‘ஐடிவ்’ என்று வரும். அதற்கு அடுத்த கட்டளை சிவந்து நிற்கும். பழைய இன்டெல் புரோசஸர்களில் 64 பிட் ஐடிவ் பத்துக்கணக்கான சைக்கிள் எடுக்கும், 32 பிட் கணிசமாகக் குறைவு. மழைமானிகளின் எண்ணிக்கைக்கு 32 பிட் தாராளம். வகையை மாற்றினாள், அது இறங்கியது.

ஹார்ட்வெயார் கவுண்டர் கிடைக்காத இடத்தில்

விர்ச்சுவல் மெஷினுக்குள் பல நேரம் புரோசஸரின் கவுண்டர்கள் (சைக்கிள் போன்றவற்றைப் புரோசஸரே எண்ணும் எண்ணிகள்) தெரியாது. பெர்ஃப் கடிகாரத்தை வைத்து சமாளிக்கும், ஆனால் வழுக்கல் கூடும். அங்கே வல்கிரைண்ட் என்ற கருவித் தொகுதியின் கோல்கிரைண்ட் நல்ல துணை. புரோகிராமைப் பாவனை செய்து, எந்த வரி எத்தனை கட்டளை ஓட்டியது என்று எண்ணி, ‘கோல்கிரைண்ட்_அனோட்டேட்’ மூலம் சோர்ஸின் பக்கத்தில் எழுதித் தரும். மிக மெதுவாக ஓடும். ஆனால் எண்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் அவ்வளவாக மாறாது.

ஒன்றைக் கவனியுங்கள்: கட்டளை எண்ணிக்கை நேரம் அல்ல. அவளுடைய இரண்டு லூப் வடிவங்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கைக் கட்டளைகளைத்தான் ஓட்டுகின்றன. கோல்கிரைண்டை அப்படியே ஓடவிட்டால் இரண்டும் சமம் என்று சொல்லிவிடும். ‘கேஷ்-சிம்’ என்ற தெரிவை ‘யெஸ்’ ஆக்கினால்தான் வித்தியாசம் தெரியும். கோ மொழிக்காரருக்கு ‘பிபுரொஃப்’ என்ற அளவீட்டுக் கருவியின் உள்ளே ‘லிஸ்ட்’, ‘வெப்லிஸ்ட்’ இருக்கின்றன. வாசிக்கும் முறை இதேதான்.

இந்த இரண்டு திருத்தத்துக்கும் பிறகு ரிப்போர்ட்டைத் திறந்தபோது எல்லாவற்றுக்கும் மேலே நின்றது ‘ஸ்ட்ரிங்-டு-டபிள்’: ஃபைலில் எழுத்தாக இருக்கும் மழை அளவை எண்ணாக மாற்றும் சிஸ்டம் லைப்ரரி ஃபங்ஷன். அனோட்டேட் போட்டால் சோர்ஸ் வரி ஒன்றும் வரவில்லை, அசெம்பிளி மட்டும். லைப்ரரிக்கு டிபக் தகவல் வைத்திருக்கவில்லை. அதற்குரிய டிபக் பொதியை நிறுவினால் வரும். நாங்கள் நிறுவவில்லை. அந்த ஃபங்ஷனைத் திருத்தும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

"அப்ப நான் முதல் சொன்னது சரிதானே சேர்?"

"இப்ப சரி பிள்ளை."

அவள் மழை அளவுகளை ஒருமுறை மட்டும் எண்ணாக மாற்றி பைனரி ஃபைலாக எழுதி வைத்துக்கொண்டாள். இப்போது ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த ஃபைலை நேரே நினைவகத்துக்கு ஏற்றிவிட்டுக் கணக்கைத் தொடங்குகிறாள்.